குடத்துக்கு வந்த நீர் குடிக்கத் தக்கதா?

சிவகங்கை மாவட்டத்துக் குன்றக்குடி போன்ற ஓர் ஊரில் ஒரே வீட்டுக்குள் நான்கு வகைத் தண்ணீர் புழங்கும். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாய்க்கு வருவது ஒன்று. கொல்லையில் போட்ட போர் இன்னொன்று. விசேஷ நாளுக்கு வாங்கி, பிறகு அன்றாடப் பழக்கமாகிவிட்ட 20 லிட்டர் கேன் மூன்றாவது. ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டுக் கூரையிலிருந்து முற்றத்து அண்டாவில் விழும் மழைநீர் நான்காவது. இவற்றில் எதைக் குடிப்பது என்பதை வீட்டார் நாக்கை வைத்தே முடிவு செய்கிறார்கள். இனித்தால் நல்ல தண்ணீர்; கரித்தாலோ பருப்பு வேகாவிட்டாலோ உப்புத் தண்ணீர். சமையலுக்கும் சலவைக்கும் இந்தப் பாகுபாடு போதும். ஆனால் நோயைப் பற்றி இது ஒன்றும் சொல்வதில்லை. மலத்திலிருந்து வரும் கிருமிக்குச் சுவை கிடையாது. குடிநீரில் தீங்கு செய்யும் அளவில் கரைந்திருக்கும் ஃபுளோரைடையும் நைட்ரேட்டையும் ஆர்செனிக்கையும்கூட நாக்கால் கண்டறிய முடியாது.

அரசுகளும் உலக அமைப்புகளும் நெடுங்காலம் வேறொரு குறுக்குவழியில் நடந்தன. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 1990 முதல் கூட்டாக நடத்திவரும் கண்காணிப்புத் திட்டம், வளரும் நாடுகளில் நம்பியிருந்த வீட்டு ஆய்வுகளின் முதன்மையான கேள்வி எளியது: எங்கிருந்து தண்ணீர் எடுக்கிறீர்கள்? குழாய், அடிபம்பு, ஆழ்துளைக் கிணறு, மூடிய கிணறு, மழைநீர் என்றால் 'மேம்பட்ட ஆதாரம்'. திறந்த கிணறு, குளம், ஆறு என்றால் மேம்படாதது. ஐக்கிய நாடுகள் அவையின் புத்தாயிரம் ஆண்டு இலக்கு, பாதுகாப்பான குடிநீர் இல்லாதோரின் விகிதத்தை 2015க்குள் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றது. அந்த இலக்கு 2010லேயே எட்டப்பட்டுவிட்டதாகவும், உலக மக்களில் 89 சதவீதம் பேர் மேம்பட்ட ஆதாரத்தைப் பெற்றுவிட்டதாகவும் 2012இல் அறிவிக்கப்பட்டது. இந்தக் கணக்கில் எங்கும் தண்ணீர் சோதிக்கப்படவில்லை. எண்ணப்பட்டவை குழாய்களும் பம்புகளுமே.

இந்த வகைப்பாடு பயனற்றதல்ல. திறந்த குளத்தில் இறங்கி நீர் எடுத்த காலத்தில் நரம்புச் சிலந்தி நோய் தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பல மாநிலங்களை வாட்டியது. புண்ணோடு கால் வைத்தவரிடமிருந்து புழு நீருக்குப் போகும்; அதே நீரைக் குடிப்பவரின் உடலுக்குள் நுழையும். மூடிய ஆதாரங்களும் துணியில் வடிகட்டும் பழக்கமும் பரவியதால் 1996இல் ராஜஸ்தானில் கடைசி நோயாளி பதிவானார். 2000இல் இந்தியா அந்த நோய் ஒழிந்த நாடாகச் சான்று பெற்றது. ஆதாரத்தின் வகை மாறியது அங்கே மக்களைக் காத்தது. சிக்கல், வகையைப் பார்த்ததோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்ததில்தான்.

இந்த நினைப்பைச் சோதித்துப் பார்க்க எத்தியோப்பியா, நைஜீரியா, நிகரகுவா, ஜோர்டான், தஜிகிஸ்தான் ஆகிய ஐந்து நாடுகளில் 2004, 2005இல் விரைவு ஆய்வு நடத்தப்பட்டது. குழாய் நீர் ஓரளவு தேறியது. 'மேம்பட்டவை' பட்டியலில் இருந்த மூடிய கிணறுகளும் ஊற்றுகளும் பல இடங்களில் தேறவில்லை. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2014இல் வெளியான மதிப்பீடு ஒன்று, சுமார் 180 கோடிப் பேர் மலக் கிருமி கலந்த ஆதாரத்திலிருந்தே நீர் எடுக்கிறார்கள் என்றது. 2015இல் வகுக்கப்பட்ட நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் அளவுகோல் கடுமையானது: வீட்டு வளாகத்திலேயே கிடைக்க வேண்டும், தேவைப்படும்போது கிடைக்க வேண்டும், மலக் கிருமியோ ஆர்செனிக்கோ ஃபுளோரைடோ கேடு தரும் அளவில் இருக்கக் கூடாது. அந்த அளவுகோலின்படி 2022இல் உலகில் 220 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் இல்லை. இந்தியாவின் ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், 2019-21இல், சுமார் 96 சதவீத வீடுகள் மேம்பட்ட ஆதாரத்தைப் பயன்படுத்துவதாகப் பதிவாயிற்று. இந்த 96ஐப் பாதுகாப்பின் அளவாக எடுத்துக்கொள்வது பெரும் பிழை.

அந்தப் பிழையின் விலை என்ன என்பதை வங்கதேசம் காட்டியது. குளத்து நீரால் வந்த வயிற்றுப்போக்கும் காலராவும் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த 1970களில், யுனிசெஃப்பின் துணையோடு அங்கே குழாய்க் கிணறுகள் லட்சக்கணக்கில் இறக்கப்பட்டன. நீர் தெளிவாக இருந்தது, கிருமியும் குறைந்திருந்தது. கங்கைப் படுகையின் வண்டலில் இயற்கையாகவே இருந்த ஆர்செனிக்கை எவரும் சோதிக்கவில்லை. அந்நாளில் அது வழக்கமான சோதனைப் பட்டியலிலேயே இல்லை. எல்லைக்கு இப்பால் மேற்கு வங்கத்தில் 1983இல் கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, நோயாளிகளின் உள்ளங்கையிலும் பாதத்திலும் கண்ட தடிப்புகளை ஆர்செனிக் நஞ்சு என்று கண்டறிந்தார். வங்கதேசத்தில் 1993இல்தான் அது உறுதியானது. பிறகு ஏறக்குறைய 50 லட்சம் கிணறுகள் களச் சோதனைப் பெட்டி கொண்டு சோதிக்கப்பட்டு, நஞ்சு உள்ளவற்றின் பம்புக்குச் சிவப்பும் இல்லாதவற்றுக்குப் பச்சையும் பூசப்பட்டன. ஒரே தெருவில் ஒரு வீட்டுப் பம்பு சிவப்பாகவும் அடுத்த வீட்டுப் பம்பு பச்சையாகவும் நின்றன. ஊருக்கு ஒரு மாதிரி எடுத்து ஊர் முழுவதற்கும் சான்று தரும் முறை எவ்வளவு தவறானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சிவகங்கை மாவட்டத்து நிலத்துக்கும் இந்தப் பாடம் பொருந்தும், வேறு காரணத்தால். மாவட்டத்தின் மேற்குப் பகுதி பெரும்பாலும் கெட்டிப் பாறை. கிழக்கே போகப் போகப் படிவுப் பாறையும் செம்புரைக் கல்லும் வருகின்றன. காரைக்குடியின் சம்பை ஊற்று நீர் பெயர் பெற்றது அத்தகைய படிவு நிலத்தால்தான். குன்றக்குடியிலும் பிள்ளையார்பட்டியிலும் குடைவரைக் கோயில்கள் வெட்டப்பட்ட குன்றுகளே அடியில் கிடக்கும் பாறையின் உறுதியைக் காட்டும். கெட்டிப் பாறையில் நீர் பரவி நிற்பதில்லை, வெடிப்புகளில் நிற்கிறது. ஒரு போர் தொட்ட வெடிப்பை 50 மீட்டர் தள்ளிப் போட்ட போர் தொடாமல் போகலாம். ஒன்றில் இனிப்பும் மற்றதில் உவர்ப்பும் வருவது இதனால்தான். கண்ணுக்குத் தெரியாத ஃபுளோரைடும் அப்படியே போருக்குப் போர் மாறும்.

ஃபுளோரைடு இங்கே புதிய செய்தியல்ல. கிண்டி கிங் நிலையத்தின் ஹெச்.இ. ஷார்ட்டும் உடன் ஆய்ந்தோரும், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் எலும்பு இறுகி முதுகு வளைந்த மக்களை ஆராய்ந்து 1937இல் எழுதிய கட்டுரைதான் இந்தியாவில் இந்நோயை முதலில் விரிவாகப் பதிவு செய்தது. அவர்கள் குடித்ததும் கிணற்று நீரே. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல தலைமுறைகளின் பற்கள் பழுப்பேறிய பிறகு, காவிரி நீரைக் கொண்டு செல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. நோயை அடையாளம் கண்டதற்கும் நீரை மாற்றியதற்கும் இடையே 76 ஆண்டுகள். அளப்பது மட்டும் போதாது என்பதை இந்த இடைவெளி சொல்கிறது.

ஆகவே ஓர் ஆதாரத்தை எப்படி மதிப்பிடுவது? முதல் கருவி கண். ஆய்வகத்துக்குப் போகும் முன்பே செய்ய வேண்டிய துப்புரவு ஆய்வுக்கு உலக சுகாதார நிறுவனம் வினாத்தாள்களே வகுத்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்விகள். இந்தியா மார்க் 2 அடிபம்பு ஒன்றை எடுத்துக்கொண்டால்: பத்து மீட்டருக்குள் கழிப்பறை உண்டா, அது மேட்டில் இருக்கிறதா, பக்கத்தில் மாட்டுக் கொட்டிலோ குப்பையோ உண்டா, சிமென்ட் மேடையில் விரிசல் விட்டிருக்கிறதா, சிந்திய நீர் வாய்க்காலில் ஓடுகிறதா அல்லது பம்படியிலேயே தேங்குகிறதா, பம்பின் அடிப்பாகம் ஆடுகிறதா? ஆடும் பம்பின் அடியில் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தாலும், பாத்திரம் கழுவிய நீர் அதன் வழியே மீண்டும் உள்ளே இறங்கும். படிப்பு அதிகம் தேவைப்படாத, செலவே இல்லாத இந்த ஆய்வைத்தான் நிர்வாகங்கள் பெரும்பாலும் செய்வதில்லை. ஆய்வக முடிவு நேற்றைய நீரைப் பற்றியது; துப்புரவு ஆய்வு நாளைக்கு வரக்கூடிய கேட்டைச் சொல்வது. இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே காசும் ஆளும் இருந்தால் இரண்டாவதைச் செய்வதே சரி.

மேல்நிலைத் தொட்டிக்கும் இதே ஆய்வு வேண்டும். மூடி பூட்டியிருக்கிறதா, ஏணியில் யாரும் ஏறலாமா, உள்ளே பறவையோ பல்லியோ விழ வழியுண்டா என்று பார்ப்பதற்கு ஆள் ஏறித்தான் ஆக வேண்டும். மாதம் இரு முறை தொட்டியைக் கழுவ வேண்டும் என்பது ஊராட்சிகளின் நடைமுறை. பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தின் வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடியிருப்புக்கான தொட்டியில் மனித மலம் கிடந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தது. குழந்தைகள் நோயில் விழுந்த பிறகே மேலே ஏறிப் பார்த்தார்கள். அந்தக் கொடுமையின் வழக்கும் சாதியும் தனியே விரிவாகப் பேச வேண்டியவை. குடிநீர்க் கண்காணிப்பு என்ற அளவில் மட்டும் பார்த்தாலும், குழந்தைகளின் உடல்தான் அங்கே முதல் சோதனைக் கருவியாகியிருந்தது என்பதை மன்னிக்க முடியாது.

அடுத்தது குளோரின். தொட்டி இயக்குபவர் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்று கணக்கிடுவது வழக்கம். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். ஆனால் இந்தக் கணக்கு, பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும்போதுதான் செல்லும். வாய் திறந்த மூட்டையில், ஈரமான பம்பு அறையில் சில மாதம் கிடந்த பவுடரின் வீரியம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதே 120 கிராம் போட்டும் பயன் இருக்காது. அதனால்தான் போட்ட அளவைக் குறித்து வைத்தால் போதாது, கடைசித் தெருக் குழாயில் மிஞ்சியிருப்பதை அளக்க வேண்டும். குளோரோஸ்கோப்பில் நீரைப் பிடித்து மருந்துச் சொட்டு விட்டு, மஞ்சள் நிறத்தை அட்டவணை நிறத்தோடு ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். பழனிக்குப் பாதயாத்திரை செல்லும் நகரத்தார் குன்றக்குடியில் கூடும் தைப்பூசக் காலத்திலும், பங்குனி உத்திரத்திலும் ஊரின் தண்ணீர்த் தேவை பல மடங்காகும். தொட்டி நிரம்பியதும் திறந்துவிடும் அந்த அவசரத்தில் குளோரின் வேலை செய்ய வேண்டிய அரை மணி நேரம் காணாமல் போகிறது. எஞ்சிய குளோரினை அளப்பது அந்த நாட்களில் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.

கிருமிச் சோதனையில் தேடப்படுவது காலராக் கிருமியோ டைஃபாய்டுக் கிருமியோ அல்ல. மனிதர், விலங்குகளின் குடலில் ஏராளமாக வாழும் ஈ-கோலை பாக்டீரியா இருக்கிறதா என்றே பார்க்கிறார்கள். அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது, நோய்க் கிருமிகளும் வரக்கூடும் என்று பொருள். 100 மில்லி லிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. முறையான சோதனைக்குக் கிருமி நீக்கிய புட்டி வேண்டும்; ஐஸ் பெட்டியில் சில மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும்; குறித்த வெப்பத்தில் ஒரு நாள் வைக்க வேண்டும். கிராமத்துக்கு இது எட்டாது என்பதால் கே.எஸ். மஞ்சாவும் வேறு இரு இந்திய அறிவியலாளர்களும் 1982இல் ஒரு மாற்று வழியை வெளியிட்டார்கள். மருந்தில் தோய்த்த காகிதத் துண்டு கிடக்கும் சிறு புட்டியில் நீரை ஊற்றி அறை வெப்பத்தில் வைத்தால், மலத்தோடு வரும் பாக்டீரியா வகைகள் ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கி நீரைக் கறுப்பாக்கும். தமிழ்நாட்டு வெயிலில் இதற்கு வேறு சூடும் வேண்டாம். சில நிலத்தடி நீர், மலக் கலப்பில்லாமலும் கறுக்கும் என்பது இதன் குறை. என்றாலும் இல்லாத நோயை எச்சரிக்கும் தவறு, இருக்கும் நோயை மறைக்கும் தவறைவிட மேல். இன்று நம் நாட்டிலும் பல வளரும் நாடுகளிலும் களச் சோதனைகளில் பயன்படும் இந்தப் புட்டி இந்தியாவிலிருந்து போனது என்பது பலருக்குத் தெரியாது.

வேதிச் சோதனையை இவ்வளவு அடிக்கடி செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு போருக்கும் செய்ய வேண்டும். ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு ஆதாரம் இல்லையெனில் 1.5 வரை பொறுக்கலாம். நைட்ரேட் 45க்கு மேல் கூடாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் உரமும் கழிவுக் குழிகளும் கிணறுகளில் நைட்ரேட்டை ஏற்றியிருப்பதைப் போல, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்கும் போரும் அருகருகே அமைந்த எந்த ஊரிலும் அது ஏறும். கைக்குழந்தையின் ரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கவிடாமல் அது தடுக்கிறது. நீரைக் காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது, நீர் வற்றுவதால் அடர்ந்துதான் போகும்.

இங்கே கடை வீதியில் விற்கும் டி.டி.எஸ். மீட்டரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பேனா போன்ற அந்தக் கருவியைத் தம்ளரில் விட்டு, எண் குறைவாக வந்தால் நீர் சுத்தம் என்று காட்டுவது, உப்பை நீக்கும் ஆர்.ஓ. வடிகட்டி வியாபாரத்தின் வழக்கம். கரைந்த உப்புகளின் மொத்த அளவைத் தவிர அந்தக் கருவிக்கு வேறொன்றும் தெரியாது. சாக்கடை கலந்த மழைநீரிலும் அது சிறிய எண்ணையே காட்டும். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கும் கீழே உப்புள்ள நல்ல குழாய் நீரை ஒதுக்கிவிட்டு, 30 என்று காட்டும் கேனுக்குக் காசு கொடுக்கும் வீடுகள், அந்தக் கேன் கழுவப்பட்டதா என்ற கேள்வியைக் கேட்பதில்லை. ஃபுளோரைடோ உப்போ மிகுந்த இடத்தில் ஆர்.ஓ. தேவைதான். மற்ற இடங்களில் அந்தப் பணம் குழாய்ப் பழுதுக்கும் குளோரினுக்கும் போவதே முறை.

ஒரு நாள் எடுத்த மாதிரி ஆண்டு முழுவதற்கும் பேசாது. வடகிழக்குப் பருவமழையின் முதல் வெள்ளம் தரையில் கிடப்பதையெல்லாம் அடித்துக்கொண்டு கிணற்றுக்கும் ஊருணிக்கும் போகும். கிருமி கூடுவது அப்போதுதான். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது உப்பும் ஃபுளோரைடும் ஏறும் இடங்கள் உண்டு. மழைக்கு முன்னும் பின்னும் என ஆண்டுக்கு இரு முறையாவது சோதிப்பது இதனால்தான். விட்டுவிட்டு நீர் வரும் குழாய்க்கு வேறு ஆபத்து இருக்கிறது. தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் விழுகிறது. விரிசல் வழியே வெளியே உள்ள சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. சில வீடுகள் குழாயில் நேரே மோட்டார் மாட்டி உறிஞ்சும்போது இது இன்னும் மோசமாகும். காலையில் குழாயில் வரும் முதல் கலங்கல் குடங்களைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் அறிவார்ந்தது.

இத்தனையும் தேறிய நீர் வீட்டுக்குள் கெடலாம். ஆதாரத்தில் எடுத்த மாதிரியையும் வீட்டுப் பாத்திரத்தில் எடுத்த மாதிரியையும் ஒப்பிட்ட 57 ஆய்வுகளைத் திரட்டிய 2004ஆம் ஆண்டுக் கட்டுரை, ஏறத்தாழப் பாதி ஆய்வுகளில் வீட்டு நீர் ஆதாரத்தைவிடக் கணிசமாக மோசமாக இருந்ததைக் காட்டியது. மூடாத குடம், அதற்குள் விரல் நனைய இறங்கும் சொம்பு, கழுவாத கை ஆகியவை போதும். அதனால் யுனிசெஃப் நடத்தும் வீட்டு ஆய்வுகளில் கேள்வியே மாறிவிட்டது. 'உங்கள் வீட்டில் வழக்கமாகக் குடிக்கும் நீரில் ஒரு தம்ளர் தாருங்கள்' என்று கேட்டு, அந்தத் தம்ளர் நீரையும், பிறகு அது வந்த ஆதாரத்து நீரையும் சோதிக்கிறார்கள். இரண்டு விடைகளும் சேர்ந்தால்தான் கோளாறு தொட்டியிலா, தெருவிலா, அடுப்படியிலா என்று தெரியும். செட்டிநாட்டு வீடுகளின் பித்தளை, செப்புப் பாத்திரங்களில் இரவு முழுதும் வைத்த நீரில் பாக்டீரியா குறைவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அது நல்ல துணை. குளோரினுக்கு மாற்று அல்ல.

இவற்றை யார் செய்வது? 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குழாய் நீரோடு, ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியில் பயிற்சி தரவும் வகை செய்தது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன. குன்றக்குடிக்கு இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு. ஊரின் மடத்துத் தலைவராக இருந்த குன்றக்குடி அடிகளார் 1970களின் இறுதியில் கிராமத் திட்டத்தைத் தொடங்கியபோது காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் ஊருக்கு வந்து மக்களோடு உட்கார்ந்தார்கள். மின்வேதியியல் முறையில் ஃபுளோரைடு நீக்கம் பற்றி ஆராய்ந்த நிலையம் அது. ஆய்வுக்கூடமும் ஊரும் சேர்ந்து வேலை செய்த முன்னுதாரணம் இருக்கும் மண்ணில், ஒவ்வொரு போரின் சோதனை முடிவும் அந்தப் போரைப் பயன்படுத்துவோருக்கே தெரியாமல் அலுவலகக் கோப்பில் முடங்குவது நியாயமில்லை.

முடிவுகள் வெளியே வர வேண்டிய இடமும் நாளும் ஏற்கெனவே இருக்கின்றன. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 தமிழ்நாட்டில் கிராமசபை கூடும் நாட்களில் ஒன்று. ஒவ்வொரு ஆதாரத்தின் கிருமி, ஃபுளோரைடு, நைட்ரேட் அளவுகளையும் சோதித்த தேதியோடு அன்று படித்து, தொட்டியின் தூணிலும் பம்பின் மேடையிலும் எழுதி வைக்கலாம். கிருமி கண்ட இடத்தில் அன்றே குளோரின் ஏற்றி, விரிசலை அடைத்து, ஒரு வாரத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் மிகுந்த போருக்குக் குளோரின் போல எளிய மருந்தில்லை; அதைக் குளிக்கவும் துவைக்கவும் ஒதுக்கி, குடிக்கவும் சமைக்கவும் கூட்டுக் குடிநீரையோ, முதல் மழையை விட்டுப் பிடித்த கூரை நீரையோ, அளவு சரியாக உள்ள பக்கத்துப் போரின் நீரையோ அந்தத் தெருவுக்குக் கொடுக்க வேண்டும்.